மூடிய இமையும் எனாமல் கண்ணும்

என் சிற்பத்துக்கு யாரோ கண் வரைந்து வைத்திருந்தார்கள்.

செங்கல்பட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஓர் ஏரிக்கரை வரும். வழக்கம்போல ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கரை முடிகிற இடத்தில், மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து நான் செதுக்கிய முகம், என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகம் யாரையும் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணைத்தான் நான் செதுக்கியிருந்தேன்.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். "இன்னாம்மா, யார்னா வுழுந்துட்டாங்களா?" என்று கண்டக்டர் ஓடி வந்தார். "இல்லீங்க, என் சிலைக்குக் கண்ணு வரைஞ்சிட்டாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான் இறங்கியதும் அவசரமாக விசில் கொடுத்தார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளை எனாமல் பெயிண்டில் பெரிய பெரிய கண்கள். நடுவில் கறுப்பு முழி, ஓரத்தில் சிவப்புக் கோடு. கன்னத்தில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், தோளில் பச்சை ரவிக்கைத் துணி, காலடியில் அறுத்த எலுமிச்சம்பழம். மூடிய இமையின் அந்த வளைவை எடுக்கச் சின்ன உளியோடு நான் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பேன்! அதன் மேலேயே பட்டையாகப் பூசியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எப்போதும் அப்படித்தான். முதலில் கோபம் வரும், மற்றதெல்லாம் வரிசையில் அதற்குப் பின்னால் நிற்கும்.

அந்தக் கல்லுக்கும் எனக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தேன். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெரிய பாறையைக் கடந்துதான் போவோம். யானைகளும் முனிவர்களும் தேவர்களுமாகக் கூட்டம் நெருக்கியடிக்கும் பாறை. நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவில் நாகங்கள் மேல்நோக்கி நீந்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் மேலே தண்ணீர் தேக்கிப் பிளவு வழியாக விட்டிருப்பார்கள் என்று கைடுகள் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் நான் பார்த்தபோதெல்லாம் நாகங்கள் காய்ந்த கல்லில்தான் நீந்தின. எல்லோரும் யானையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் காய்ந்த பிளவுதான் கண்ணை உறுத்தும். தண்ணீர் வந்தால்தான் முழுசாகும் என்று ஒரு சிற்பத்தை யாரோ துணிந்து செய்திருக்கிறார்கள் என்றால், அந்தத் துணிச்சல் எனக்கு மட்டும் ஏன் வரக் கூடாது என்று நினைத்தேன். எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன்.

படிப்பு முடிந்து, அங்கேயே ஒரு சிற்பப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமும் ஆனது. கணவர் அணுமின் நிலையத்தில் வேலை, திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸில் ஒரு பக்கத்து வீடு கோயம்புத்தூர், இன்னொரு பக்கம் நாகப்பட்டினம். எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று எல்லோரும் புத்தகத் தமிழ் பேசிப் பேசி, என் செங்கல்பட்டுப் பேச்சு எங்கேயோ காணாமல் போயிருந்தது. பட்டறையில் கோயில்களுக்குச் சாமி சிலைகளும், கடற்கரை ரிசார்ட்டுகளின் நீரூற்றுகளுக்கு டால்பின்களும் செய்தோம். இந்தக் கரையில் ஒரு டால்பினைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் செதுக்கிச் செதுக்கி அதன் மேல் எனக்கு ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த ஏரி என் கண்ணில் பட்டது. எங்கள் பக்கமெல்லாம் ஏரிகள்தான். ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அப்படி வழிவதற்காகக் கரையின் முனையில் கல்லால் தாழ்வாகக் கட்டி வைத்திருப்பது கலங்கல். ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் தண்ணீர் புரண்டால் 'ஏரி கோடி போவுது' என்பார்கள். அன்றைக்கு ஊரே மேளத்தோடு கிளம்பிவிடும். பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, வழிகிற தண்ணீருக்கு மஞ்சளும் பூவும் போடுவார்கள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து நான் கோடி பார்க்கப் போயிருக்கிறேன். ஏரி ரொம்பிப் போச்சு என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற சிரிப்பை வேறெந்த நாளிலும் பார்த்ததில்லை.

இந்த ஏரியின் கலங்கலுக்கு நேர் கீழே ஒரு பாறை கிடந்தது. ஓர் எருமை படுத்திருக்கிற அளவு. பார்த்தவுடனே எனக்குள் முடிவாகிவிட்டது. ஒரு காதைக் கல்லோடு வைத்துப் படுத்து, கண்ணை மூடி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெண். முகத்தைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தால், கோடி போகிற நாளில் தண்ணீர் கலங்கலிலிருந்து இறங்கி அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஓடும். அன்றைக்குத்தான் சிற்பம் முடியும். உளியை நான் கீழே வைத்தாலும், மழை வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டேன். "எந்தத் தலைவர் சிலைம்மா?" என்றார். "தலைவர் இல்லீங்க, ஒரு பொண்ணு. படுத்திருக்கிற மாதிரி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தலைவருன்னாதான் பேஜாரு. மால போட்டா ஒரு சண்ட, போடலன்னா ஒரு சண்ட. பொம்பள செலைதான, செஞ்சிக்கோம்மா" என்று அனுப்பிவைத்தார். யாரும் என்னைக் கேட்கவுமில்லை, யாரும் எனக்குக் கூலி கொடுக்கவுமில்லை. பட்டறைக்கு லீவு விடுகிற நாளெல்லாம் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

முதல் எதிர்ப்பு எருமைகளிடமிருந்து வந்தது. கலங்கலுக்குப் பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய எருமைகள் சாயங்காலம் முதுகு உரசுவது அந்தப் பாறையில்தான். "இன்னா டீச்சர், எங்க எருமைங்க இனிமே எங்க போயி சொறிஞ்சிக்கும்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பையும் குடையுமாக வந்ததால் என்னை டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகும் டீச்சர்தான். எருமைகளுக்கு வேறு கல்லைக் காட்டிச் சமாதானம் ஆனது. மத்தியானத்தில் மோர் கொண்டுவந்து கொடுப்பாள், பக்கத்திலேயே உட்கார்ந்து நான் செதுக்குவதைப் பார்ப்பாள். மூக்கு வந்தபோது "உன் மூக்கு மாதிரியே கீது" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அப்படித்தான் இருந்தது.

கண்ணை மூடி வைத்ததில் எனக்கு ஒரு தந்திரமும் இருந்தது. எங்கள் தொழிலில் சாமி சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்போம். நல்ல நேரம் பார்த்து, சிற்பி உளியால் விழியில் கோடு போட்ட பிறகுதான் அது சாமி. அதுவரைக்கும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கல்தான். நம் ஊரில் கல்லில் மூக்கும் முழியும் தெரிந்தால் போதும், மறுநாளே மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? இமையை இறுக்கி மூடிவிட்டால் யாரும் கிட்டே வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் பெயிண்ட் டப்பாவோடு வருவார்கள் என்று யார் கண்டது?

பஸ்ஸை நிறுத்தி இறங்கிய அன்றைக்கு, நான் கல் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தபோது எருமைக்காரி ஓடி வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"எப்பிடி கீது டீச்சர்? பொம்பளைங்கல்லாம் சேந்து வெள்ளிக்கெழம செஞ்சோம். வூட்டுக் கதவுக்கு வாங்குன பெயிண்டு மீதி இருந்துச்சி."

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? நான் கண்ணை மூடித்தானே செதுக்கியிருக்கேன்?"

"அதான் டீச்சர் தப்பு. கண்ண மூடிகினு இருந்தா தண்ணி வர்றத எப்பிடிப் பாக்கும்?"

"பார்க்க வேணாம். காதால கேட்டாப் போதும்."

"நீ செதுக்குன நாள்லேர்ந்து கேட்டுகினுதான கீது? ஏரி கோடி போச்சா?"

உண்மையிலேயே நான் செதுக்கி முடித்த வருஷத்திலிருந்து ஏரி நிரம்பவில்லை. மழையும் குறைந்துபோனது. குன்றுப் பக்கத்திலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரோ தூர்த்து, மனை போட்டு, வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். பெய்கிற மழையும் ஏரிக்கு வர வழியில்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எருமைக்காரிக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணையும் வரைந்தார்கள். வரத்துக்காலைத் தோண்டப் போனால் அடியாள் வருவான். கண் வரைந்தால் யாரும் வர மாட்டான், நான் ஒருத்தியைத் தவிர.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு யுத்தமே நடந்தது. நான் தின்னர் பாட்டிலும் பழந்துணியும் கொண்டுபோய்க் கண்ணைத் துடைப்பேன். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது முன்னைவிடப் பெரிய கண்ணாக முழித்துப் பார்க்கும். ஒரு தடவை நீல விழி. அந்த முறை கறுப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டதாம். நான் துடைக்கும்போது எருமைக்காரி தடுக்க மாட்டாள், மோர்தான் கொடுப்பாள். "தொட டீச்சர், தொட. அடுத்த வெள்ளிக்கெழம நாங்க போட்டுக்கறோம்" என்பாள். வீட்டுக்கு வந்தால் கணவர் வேறு. "ஏ, மழைக்கு நீ பத்திரிகை வைக்காம விட்டுட்ட. அதாம் கோவிச்சிக்கிட்டு வர மாட்டேங்கு" என்பார். ஒரு நாள் அவர் மேல் தின்னர் பாட்டிலையே எறியப் பார்த்தேன்.

இதையெல்லாம் இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் எனக்கு வலித்தது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று எனக்குத் தெரியும். அதை நான் நினைத்தபடி, ஒரே ஒரு நாளாவது, தண்ணீரோடு பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பிறகு கடல் உள்ளே வந்தது. எங்கள் கரையில் அன்று காலை நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. குவார்ட்டர்ஸ் உள்ளே தள்ளி இருந்ததால் நாங்கள் தப்பித்தோம், தெரிந்தவர்கள் பலர் தப்பவில்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் 'தண்ணீர் வரட்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதைக் கல்லில் வைத்துத் தண்ணீரை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் பெண் என்ற நினைப்பே பயமாக இருந்தது. ஏரிப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு நாள் எருமைக்காரியே அவள் மகனுடைய செல்போனில் கூப்பிட்டாள். "கடலு வேற, ஏரி வேற டீச்சர். வா, வந்து தொட. கண்ணு ரொம்ப அழுக்காகீது" என்றாள். போனேன், துடைத்தேன். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கலங்கல் மேல் உட்கார்ந்து, அன்றுதான் முதல் தடவையாக நன்றாக அழுதேன்.

அடுத்து வந்த கோடையில் பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மனை விற்கும் கம்பெனி ஒன்றின் மேனேஜர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், பழைய மாமல்லபுரம் சாலைக் கம்ப்யூட்டர் ஆபீஸ்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு கட்டப் போகிறார்களாம். ஏரியின் பின்புறம்தான் அவர்கள் இடம். மரியாதையான ஆள். எல்லோரையும்போலச் சாமி என்று சொல்லவில்லை, "உங்க ஸ்கல்ப்சர் பார்த்தேன் மேடம். அந்தக் கழுத்துக்கும் காதுக்கும் நடுவுல ஒரு திருப்பம் வச்சிருக்கீங்களே, அபாரம்" என்றார். எத்தனை வருஷமாக நான் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அவர் சொன்னது இதுதான். அவர்கள் மனைக்குப் போகும் சாலை கலங்கல் மேல்தான் வர வேண்டும். கலங்கலை மண் போட்டு மூடிவிடுவார்கள், தண்ணீரே வராத கலங்கல்தானே. என் கல்லை கிரேன் வைத்துப் பத்திரமாகத் தூக்கி, பெயிண்டையெல்லாம் ரசாயனம் போட்டுச் சுத்தமாக எடுத்துவிட்டு, நுழைவாயிலில் ஒரு செயற்கை நீரூற்றில் வைப்பார்கள். மோட்டார் போட்டுத் தினமும் அவள் முகத்தின் மேல் தண்ணீர் ஓடும். பக்கத்தில் பளிங்குக் கல்லில் என் பெயர். ஊர்க்காரர்கள்தான் சாமி, எடுக்கக் கூடாது என்கிறார்களாம். அது சாமி இல்லை, என் சிற்பம், எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று நான் ஊர் முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஊராட்சித் தலைவர் ஒத்துக்கொள்வார்.

எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய். மூடிய இமை, சுத்தமான கல், கன்னத்தில் ஓடும் தண்ணீர், பெயர்ப் பலகை. அதுவும் தினமும்! வீட்டில் வந்து சொன்னபோது கணவர்கூடக் கேலி செய்யவில்லை. "உன் கல்லு. நீ சொன்னாத்தான் சரி" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் எனாமல் கண்கள் முறைத்தன, திறந்தால் நீரூற்று தெரிந்தது.

ஊர்க்கூட்டம் கலங்கலிலேயே நடந்தது. தலைவர் நாற்காலியில், மேனேஜர் நின்றுகொண்டு, பெண்கள் கரைமேல் வரிசையாக. கல்லைத் தூக்க ஜேசிபியையும் ஒரு கிரேனையும் முன்கூட்டியே கொண்டுவந்து கரையோரம் நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் பேச ஆரம்பித்தார். "இது சாமி இல்லைம்மா. இவங்கதான் செதுக்கினாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க."

எருமைக்காரி சிரித்துவிட்டாள். "இத நீ வந்து சொல்லணுமா சார்? எங்க வூட்டு மோரக் குட்சிகினுதான இந்த டீச்சர் செஞ்சிது. எங்களுக்குத் தெரியாதா? எந்தச் சாமி சார் யாரும் செய்யாம தானா மொளச்சிது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பில்லை.

"நீ சொல்லு டீச்சர். கல்லு உன்னுது. நீ தூக்கின்னு போன்னா நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனாமல் கண்களும் பார்த்தன. நான் சரி என்றால் கல்லோடு கலங்கலும் போகும். இந்த ஏரி இனி எப்போதும் கோடி போகாது. வேண்டாம் என்றால், நான் நினைத்த சிற்பத்தை என் ஆயுசில் பார்க்காமலே போகலாம். என் வாயில் 'சரி' என்ற சொல் பாதி வந்துவிட்டது. எதற்கோ, தொழில்காரியின் புத்தி, மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"மோட்டார் எந்த நேரமும் ஓடுமா?"

"காலைலயும் சாயங்காலமும் மேடம். கண்டிப்பா ஓடும்."

"மழை பெய்யும்போது?"

"மழை பெய்தா ஆஃப் பண்ணிடுவோம் மேடம். மோட்டார் ரூம்ல தண்ணி பூந்துடும் இல்ல?"

அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மழை வருமா என்று காதைக் கல்லில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணைக் கொண்டுபோய், மழை வந்தால் ஸ்விட்சை அணைத்துவிடும் இடத்தில் படுக்க வைக்கப் போகிறேனா? நான் டால்பின் செய்து அனுப்பிய அத்தனை ரிசார்ட்டிலும் இந்தக் கதைதான் நடந்தது என்று எனக்குத் தெரியுமே. ஆசையில் மறந்திருந்தேன்.

"கல் இங்கதான் இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "நான் செதுக்கினதுதான். சாமியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா கலங்கலுக்குக் கீழ இருந்தாத்தான் அது அது. வேற எங்க வெச்சாலும் வெறும் கல்லு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "செஞ்சவங்களே வேணாங்கறாங்க. நான் எட்த்தா, சாமிய எட்த்தவன்னு நாளைக்கு எனக்குத்தான் பேரு. எலெக்சன் வேற வருது. நீங்க ரோட்ட அந்தாண்ட போட்டுக்கோங்க சார்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. கிரேன் திரும்பிப் போனது. ஜேசிபியைப் பெண்கள் போக விடவில்லை. வந்தது வந்தாகிவிட்டது, வரத்துக்காலையும் தோண்டிவிட்டுப் போகட்டும் என்று டிரைவரைப் பிடித்துத் தோண்ட வைத்தார்கள். ஊரே கூட நின்றதால் அடியாள் எவனும் வரவில்லை. தலைவரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெள்ளையடித்த மனைக் கற்களைப் பெண்கள் பிடுங்கி வந்து, துணி துவைக்கக் கலங்கல் ஓரம் போட்டார்கள்.

கிளம்பும்போது நான் எருமைக்காரியிடம் பேரம் பேசிப் பார்த்தேன். "நான் விட்டுக்கொடுத்தேன் இல்ல? நீங்களும் கண்ணை விட்டுக்கொடுங்க."

"கல்லு உன்னுது டீச்சர். கண்ணு எங்குளுது" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. செங்கல்பட்டில் அம்மா வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் என்று போன் வந்தது. பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. நான் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கப் பயமாக இருந்தது. மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில் செல்போன் அடித்தது. மறுமுனையில் பேச்சே கேட்கவில்லை, மேளச் சத்தம்தான். அதற்கு நடுவில் ஒரு கத்தல்: "டீச்சர்! கோடி போவுது! வா!"

கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். வழியெல்லாம் சாலை மேல் தண்ணீர். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஸ்கூட்டர் பெட்டிக்குள் தின்னர் பாட்டில் இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். இந்த ஒரு நாளாவது என் சிற்பம் நான் செய்தபடி இருக்கட்டும், அதற்காகச் சண்டை போடவும் தயார் என்றுதான் போனேன்.

ஏரி கடல் மாதிரி கிடந்தது. கலங்கலின் முழு நீளத்துக்கும் தண்ணீர் கண்ணாடித் தகடாகப் புரண்டு இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் பொங்கல் கொதித்தது. தலைவர் சட்டை நனைய ஆடிக்கொண்டிருந்தார். பெண்கள் மஞ்சளும் சாமந்தியும் வாரி வாரித் தண்ணீரில் போட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பாட்டிலோடு, ஓரமாக இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தேன்.

நான் கணக்குப் போட்ட இடத்தில், நான் கணக்குப் போட்ட ஆழத்தில், தண்ணீர் அவள் காதைச் சுற்றிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஓடியது. என் கணக்கு ஒரு விரல்கூடத் தப்பவில்லை. ஆனால் எனக்கு மூச்சு நின்றது அதற்காக இல்லை. தண்ணீர் மெலிந்து ஓடும்போது எனாமல் கண்கள் பளிச்சென்று திறந்து வானத்தைப் பார்த்தன. அடுத்த அலை தடித்து வந்து மேலே புரண்டபோது வெள்ளை மறைந்து, நான் செதுக்கிய இமையின் வளைவு மட்டும் தெரிந்தது. மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. அவள் கண் சிமிட்டினாள். கல் கண் சிமிட்டியது. அத்தனை வருஷம் கல்லோடு வேலை பார்த்தவள் நான், கல் அப்படிச் செய்து பார்த்ததேயில்லை. என் இமை மட்டும் இருந்திருந்தால் தூங்கியிருப்பாள். அவர்கள் கண் மட்டும் இருந்திருந்தால் முறைத்துக்கொண்டே கிடந்திருப்பாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

எருமைக்காரி தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"இப்பவும் தொடக்கணுமா டீச்சர்?"

குனிந்து கிட்டே பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் பெயிண்ட் உரியத் தொடங்கியிருந்தது. எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது.

"இன்னா பெயிண்டு வாங்கினீங்க? கதவுக்கு அடிக்கிறதெல்லாம் தண்ணில நிக்குமா?" என்றேன். காணாமல் போயிருந்த என் பேச்சு எங்கிருந்தோ திரும்பி வந்தது. "குப்பத்துல படகுக்கு அடிக்கிற பெயிண்டு கீது. அடுத்த வெள்ளிக்கெழம நான் வாங்கியாறேன், இரு."